பிள்ளையைப் பார்த்துக்க ஓர் ஆள்: பீன்யாவிலிருந்து சில எண்ணங்கள்

ஊரைவிட்டு வந்து பெங்களூரில் வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போவது இன்று சாதாரணமான ஒன்று. பீன்யா பக்கத்தில் இது இன்னும் கூடுதல். 1970களில் வளரத் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை துமகூரு சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது. லேத் பட்டறை, அச்சு வார்ப்பு, முலாம் பூசும் தொழில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று இங்கே இல்லாத தொழில் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் லக்கெரே, ஹெக்கனஹள்ளி, தாசரஹள்ளி, ராஜகோபால நகர் என்று சுற்றிலும் குடியிருக்கிறார்கள். 2014 மார்ச்சில் மெட்ரோ ரயில் பீன்யா வரை வந்தபிறகு, இங்கே வீடு எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் அலுவலக வேலைக்குப் போய்வரும் இளம் தம்பதிகளும் பெருகிவிட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" சம்பளம், வாடகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசுகிறோம். இதைப் பற்றி மட்டும் பெண்கள் தமக்குள் தாழ்ந்த குரலில் பேசி முடித்துவிடுகிறார்கள். ஆகவே இம்மலரில் அதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன்.

செவிலியும் ஆயாவும்

பிள்ளையைப் பெற்றவளே எப்போதும் தனியாக வளர்த்தாள் என்பது நம் மரபில் இல்லை. சங்க அகப்பாடல்களில் தாய் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி யாருடனோ புறப்பட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் சுரத்து வழியே தேடிக்கொண்டு போகிறவள் செவிலிதான். பிற்காலத்தில் அச்சொல் மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. தலைவியின் உயிர்த் தோழி, அந்தச் செவிலியின் மகள். அதாவது, பிள்ளையை வளர்க்க வந்தவளின் பிள்ளையும் அதே வீட்டில், அதே முற்றத்தில் வளர்ந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

நாம் இன்று சொல்லும் 'ஆயா' போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல் என்பர். அம்மொழியில் 'ஐயா' என்பது போல ஒலிக்கும் ஒரு சொல் குழந்தையை வளர்க்கும் பெண்ணைக் குறிக்கும். நம் வடமாவட்டங்களில் பாட்டியை 'ஆயா' என்பது வேறு. அது தாயைக் குறிக்கும் 'ஆய்' என்ற பழஞ்சொல்லோடு சேர்ந்தது. இரண்டும் ஒலியில் ஒன்றாகிப் போனதால் பிள்ளைகளுக்கு ஒரு வசதி: வேலைக்கு வந்தவரையும் பாட்டி முறை சொல்லியே கூப்பிடுகின்றன.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்த ஆயாக்களில் பலர் கப்பலும் ஏறினார்கள். இங்கிலாந்துக்குத் திரும்பும் குடும்பம், வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவைக் கூட்டிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும் சிலர், 'இனி உன் வேலை முடிந்தது' என்று அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. திரும்பிவரக் கப்பல் கூலி இல்லாமல் தவித்தவர்களுக்காக லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' என்றே ஒன்று நடந்தது. 1900-இல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அங்கே இயங்கிய கட்டடத்தில் 2022-இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். போகும்போது பேசிய பேச்சில் திரும்பி வருவது பற்றி எதுவும் இல்லாததால் வந்த வினை அது. முதலிலேயே பேசி முடிக்காத வேலை நடுவழியில் ஆளைக் கைவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டரை ஆண்டுப் பள்ளம்

இப்போது கணக்குக்கு வருவோம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்களுக்கும் அதே 26 வாரம்தான். இது ஏறத்தாழ ஆறு மாதம். மறுபுறம், அங்கன்வாடியில் குழந்தையை உட்காரவைத்துப் பாடமும் விளையாட்டும் சொல்லித் தருவது மூன்று வயதிலிருந்து. ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் இரண்டரை ஆண்டு. குழந்தை தவழ்வதும், நடப்பதும், பேசுவதும், கையில் கிடைத்ததை வாயில் போடுவதும் இந்த இரண்டரை ஆண்டில்தான்.

இந்தப் பள்ளத்தைத் தாண்ட நம் குடும்பங்கள் நான்கு வழிகளை நாடுகின்றன: ஊரிலிருந்து பாட்டி, வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம், ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண், அக்கம்பக்கத்தில் ஒரு ஆயா. வேலையை விட்டுவிடுவது ஐந்தாவது வழி. அதை யார் விடுவது என்று கேட்டால் பெரும்பாலும் தாய்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி வருவது பெரும் பேறு, சந்தேகமில்லை. ஆனால் ஊரில் தாத்தா தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்க, இங்கே கன்னடம் தெரியாமல் இரண்டு அறைக்குள் பாட்டி அடைபட்டுக் கிடப்பது எத்தனை நாளைக்கு? அறுபது வயதுக்கு மேல் ஓடுகிற குழந்தைக்குப் பின்னால் ஓட முழங்கால் ஒத்துழைக்காது. பாட்டியை வரவழைப்பதானால் கூடமாட ஓர் ஆளையும் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சட்டம் சொல்லும் காப்பகம்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் பெண்களை மட்டுமே எண்ணினார்கள். அதனால் காப்பகச் செலவு என்பது பெண்களை வேலைக்கு வைப்பதால் வரும் செலவு என்ற எண்ணம் முதலாளிமார் மனதில் உட்கார்ந்துவிட்டது.

2017 திருத்தம் இதை மாற்றியது. ஆண், பெண் என்று பாராமல் 50 பேர் வேலை செய்தாலே காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர விடவேண்டும் என்று அது கூறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. பிள்ளை தகப்பனுக்கும் உரியது என்பதைச் சட்டம் எண்ணிக்கையின் வழியாகவாவது ஒப்புக்கொண்டது என்று கொள்ளலாம்.

பீன்யாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள பட்டறைகளில் மிகப் பல, பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள். சட்டம் அங்கே எட்டாது. ஆனால் அதே சட்டம், காப்பகத்தைத் தனியாகவும் நடத்தலாம், பிறரோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒரே தெருவில் உள்ள எட்டுப் பட்டறைகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் காப்பகம் நடத்தத் தடை ஏதும் இல்லை. நம்மவர்களில் பட்டறை வைத்திருப்போர் பலர் உண்டு. அவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

"ஊர்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணு"

இது நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் பழக்கம். "ஏழைப்பட்ட வீட்டுப் பொண்ணுதான், நம்ம வீட்ல மூணு வேளை நல்லா சாப்பிடும், பிள்ளையையும் பாத்துக்கும்" என்று சொல்லித் தூரத்து உறவிலோ, தெரிந்தவர் மூலமாகவோ பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கூட்டி வருவார்கள். உதவி செய்வதாகவே நம்பிச் செய்கிறவர்களும் உண்டு.

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். 2006 அக்டோபர் 10 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை ஒதுக்கிவைத்தே பார்ப்போம். குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால், தொண்டையில் கடலை சிக்கினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதுவே ஒரு குழந்தை. பூட்டிய வீட்டுக்குள் இரண்டு குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுதான் உண்மை. அந்தப் பெண்ணுக்குப் போகும் பள்ளிப்படிப்பு திரும்பி வராது. பதினான்கைத் தாண்டிய பெண்ணானாலும் பதினெட்டு வரை படிக்கவேண்டிய வயதுதான்.

அவர் பிள்ளை எங்கே?

ஆக, நம்மில் பலருக்கு எஞ்சுவது அக்கம்பக்கத்து ஆயா. "நல்ல ஆள் கிடைச்சாங்க, மூணே மாசத்துல நின்னுட்டாங்க" என்பதுதான் நான் இங்கே அடிக்கடி கேட்கும் குறை. நின்றதற்குக் காரணம் கேட்டால் சம்பளம், பக்கத்து வீட்டுப் பேச்சு, உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சற்றுத் துருவிப் பார்த்தால் பல நேரங்களில் அடியில் இருப்பது வேறொன்று.

பீன்யா பக்கத்தில் பிள்ளை பார்க்க வரும் பெண்களில் பலர் முன்பு ஆயத்த ஆடை ஆலையில் தையல் பிரிவில் இருந்தவர்கள். தமக்குக் குழந்தை பிறந்ததும், பார்த்துக்க ஆள் இல்லாமல் வேலையை விட்டவர்கள். வீட்டுக்கு அருகில் வேலை என்பதால் இதற்கு வருகிறார்கள். இப்போது நேரத்தைக் கணக்குப் போடுங்கள். தாய்க்கு ஒன்பது மணி முதல் ஐந்தரை வரை வேலை. போகவர முக்கால் மணி நேரம் என்றால் காலை எட்டே காலுக்குப் புறப்பட்டு மாலை ஆறே காலுக்குத் திரும்புவார். ஆயா தம் வீட்டை விட்டு எட்டு மணிக்குக் கிளம்பி ஆறரைக்குப் போய்ச் சேருவார். அவருடைய பிள்ளை போகும் அங்கன்வாடி காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை நான்குக்கு மூடும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் இரண்டரை மணி, ஆக நான்கு மணி நேரம் அந்தப் பிள்ளை யாரிடம்?

பெரும்பாலும் விடை, "பெரியவ பாத்துக்குவா." அந்தப் 'பெரியவ'ளுக்கு வயது ஒன்பதோ பத்தோ இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவள் பள்ளிக்குப் போகமாட்டாள். ஊரிலிருந்து சின்னப் பெண்ணைக் கூட்டி வரமாட்டோம் என்று நாம் உறுதி எடுத்தாலும், நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பெண் நம் பொருட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளால் முடியாத அன்று ஆயா வரமாட்டார். அவர் வராத அன்று தாய்க்கு அரை நாள் சம்பளம் போகும். மூன்று பெண்களைக் கோத்த சங்கிலி இது. எந்த இடத்தில் அறுந்தாலும் எல்லாமே அறும்.

ஆகவே ஆள் வைக்குமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகளோடு இதையும் முதலில் கேளுங்கள்: "உங்க பிள்ளைங்களை யார்ம்மா பாத்துக்கறாங்க?" பதில் திடமாக இருந்தால் அந்த ஏற்பாடு நிற்கும். திடமாக இல்லாவிட்டால் சேர்ந்து ஒரு வழி தேடலாம். அவருடைய பிள்ளையும் மாலை நான்கு மணிக்கு மேல் நம் வீட்டுக்கே வந்து இருக்கட்டும். செவிலியின் மகளும் தலைவியும் ஒரே முற்றத்தில் வளர்ந்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான். இடம் இல்லையென்றால் பக்கத்துக் காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கை நாம் ஏற்கலாம். தகப்பனுக்கு இயந்திரப் பட்டறையில் காலை ஆறு முதல் இரண்டு வரை முறை கிடைக்குமானால், அவர் இரண்டே முக்காலுக்கு வீடு திரும்பிவிடுவார். அப்போது ஆயாவின் வேலை பத்து மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரமாகக் குறையும். தம் பிள்ளையின் அங்கன்வாடி மூடுமுன் அவர் வீட்டில் இருப்பார். முறை வாராவாரம் மாறும் இடங்களில் இதற்கு மேற்பார்வையாளரிடம் பேசவேண்டும். தாய்மார்கள் எத்தனையோ முறை கெஞ்சிக் கேட்பதை தகப்பன்மாரும் ஒருமுறை கேட்டால் குறைந்து போவதில்லை.

பேசி முடிக்க வேண்டியவை

"சம்பளம் பத்தி என்னங்க, குடும்பத்துல ஒருத்தி மாதிரி வெச்சுக்கறோம்" என்பது நம் நாவில் சர்க்கரையாக வரும் வாக்கியம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தான். அன்பு அன்பாக இருக்கட்டும்; கூலி கூலியாக இருக்கட்டும்.

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004-இல் அறிவித்து நாட்டுக்கே வழிகாட்டியது நாம் வாழும் இந்தக் கர்நாடகம்தான். அதற்குப் பின்னால் பல்லாண்டுப் போராட்டம் இருக்கிறது. சென்னையில் பிறந்து பெங்களூரில் 1980கள் முதல் வீட்டு வேலை செய்யும் பெண்களை ஒன்றுதிரட்டியவர் ரூத் மனோரமா. மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது 2006-இல் அவருக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் அமைந்தது. 2011 ஜூன் 16 அன்று உலகத் தொழிலாளர் அமைப்பு, வீட்டு வேலையும் மற்ற வேலைகளைப் போன்ற வேலையே என்று தனி உடன்படிக்கை கண்டது. கூலி அளவு அவ்வப்போது மாறுவதால், ஆள் வைக்கும்போது தொழிலாளர் துறையின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது அடித்தளம் மட்டுமே. அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே போகத் தடையில்லை.

ஒரு தாளில், இருவருக்கும் தெரிந்த மொழியில், கீழ்க்கண்டவற்றை எழுதி ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் வாசித்துக் காட்டவேண்டும்.

1. வரும் நேரம், போகும் நேரம். நாம் தாமதமாக வந்தால் கூடுதல் நேரத்துக்கு என்ன கூலி.

2. மாதச் சம்பளம், கொடுக்கும் தேதி. ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதிதான்.

3. வாரத்தில் ஒருநாள் விடுப்பு. பொங்கல், யுகாதி போன்ற பண்டிகை நாட்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்ற உறுதி.

4. வேலை எது, எது இல்லை. பிள்ளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அதன் துணியைத் துவைப்பது சரி. "அப்படியே பாத்திரத்தையும் கழுவிடுங்க, வீட்டையும் பெருக்கிடுங்க" என்று சேர்த்தால், அடுப்படியில் கை இருக்கும்போது குழந்தை மேல் கண் இருக்காது. வேறு வேலை வேண்டுமானால் வேறு ஆள், அல்லது குழந்தை தூங்கும் நேரத்துக்கு மட்டும், தனிக் கூலியோடு.

5. நிறுத்துவதானாலும் நிற்பதானாலும் ஒரு மாத முன்னறிவிப்பு. லண்டனில் தவித்த ஆயாக்களின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

காவல் நிலையத்தில் சரிபார்ப்பு செய்துகொள்ளும் வழக்கம் வந்திருக்கிறது, செய்யலாம். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். நம் முழுப் பெயர், வேலை செய்யும் இடம், தொலைபேசி எண் ஆகியவற்றை அவருக்கும் கொடுங்கள். நம்மை அவர் நம்பித்தானே வருகிறார்? அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவில் அவர் பெயரைச் சேர்க்க உதவுவதும் ஒரு நல்ல காரியம்.

முதல் ஒரு வாரமாவது பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்து, இருவரும் சேர்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தூக்கம், பசி, அழுகை அவருக்குப் பழகவேண்டும். பிழிந்துவைத்த தாய்ப்பால் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, தூங்கவைக்கும்போது மல்லாந்து படுக்கவைக்கவேண்டும், தண்ணீர் நிறைந்த பக்கெட் எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது என்பவற்றைச் சொல்லிக் கொடுங்கள். 112, 108, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளை தானே வாய்திறந்து சொல்லும் வயது வரும்வரை, அதன் முகமும் உடம்பும் தாம் நமக்குக் கடிதம். நாள்தோறும் மாலையில் அதை வாசிக்கவேண்டும். அவசர அவசரமாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆயாவை அனுப்பிவிடாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து "இன்னிக்கு எப்படி இருந்தான்?" என்று கேட்டாலே பாதிக் கவலை தீரும்.

தமிழ் வருமா?

நம் குடும்பங்களில் கேட்கும் இன்னொரு கவலை: "கன்னடக்கார அம்மா பாத்துக்கிட்டா பிள்ளைக்குத் தமிழ் வருமா?" வரும். பகலில் அவரிடம் கன்னடம், மாலையில் நம்மிடம் தமிழ் என்று இரண்டையும் வாங்கிக்கொள்ளும் திறன் அந்த வயதுக்கு உண்டு. நமக்கு வேற்றூர், பிள்ளைக்கு இது பிறந்த ஊர். இவ்வூர் மொழி தாய்மொழிபோல் வருவது அதற்கு ஆதாயமே. தமிழ் தங்காமல் போவது மாலை ஏழு மணிக்கு மேல் நாம் பேசாமல், கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவதால்தான். ஆயாவின் மேல் அந்தப் பழியைப் போடவேண்டாம்.

கன்னடத்தில் குழந்தையைக் 'கூசு' என்பார்கள். 'கூசின மனெ', அதாவது குழந்தை வீடு என்ற பெயரில் கர்நாடக அரசு 2023-இல் கிராம ஊராட்சிகளில் வேலை உறுதித் திட்டத்தில் உழைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகங்களை அறிவித்தது. ஏரி வெட்டும் பெண்ணுக்கு உள்ள அதே தேவை, பீன்யாவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், அவர் பிள்ளையைப் பார்க்க வரும் பெண்ணுக்கும் உண்டு.

அன்பர்களே, சங்கம் என்பது பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் மட்டும் நடத்துவதற்கு அன்று. நம் உறுப்பினர் குடும்பங்கள் வசிக்கும் தெருக்களில் ஒரு பொதுக் குழந்தைக் காப்பகம், அதில் நம் பிள்ளைகளோடு ஆயாக்களின் பிள்ளைகளும், அந்த ஆயாக்களுக்கு ஒழுங்கான சம்பளமும் விடுப்பும் என்று ஏற்பாடு செய்தால், அது நாம் எழுப்பும் எந்த மண்டபத்தையும்விடப் பெரிய பணியாகும். அது கைகூடும்வரை, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.